புளூநோஸ் 1:64 கிட் கைக்கு வந்துவிட்டது, இதையே முதல் கப்பலாகக் கட்டலாமா?

#1 காரைக்கால்காரன்

எல்லோருக்கும் வணக்கம். டொரோண்டோவில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தின் புளூநோஸ் (கனடாவின் பழைய மீன்பிடிப் பாய்க்கப்பல்) கிட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். லேசரில் வெட்டிய பாஸ்வுட் தகடுகள், ரப்பர் பேண்ட் போட்ட பட்டைக் கட்டுகள், படுக்கை விரிப்பு அகலத்துக்கு வரைபடத் தாள்கள், சின்ன டப்பாக்களில் உலோகச் சாமான்கள், நூல் உருளைகள். இன்னும் ஒரு துண்டைக்கூடத் தகட்டிலிருந்து பிரிக்கவில்லை.

பால்சா மரத்தில் விமானங்கள் கட்டிப் பழக்கம் உண்டு. கப்பல் இதுதான் முதல் தடவை. கப்பல் உடம்பு மட்டுமே ஏறத்தாழ 68 செ.மீ. வரும், முன்னால் நீளும் கட்டையையும் பின்னால் நீளும் பூமையும் (பாயின் அடிக்கட்டை) சேர்த்தால் இன்னும் அதிகம். பெட்டியில் இடைநிலை என்று போட்டிருக்கிறது. இதையே ஆரம்பிக்கலாமா, வேறு சின்னதாக ஒன்றைக் கட்டிவிட்டு வரலாமா? கட்டியவர்கள் சொல்லுங்கள். கருவிகளையும் இனிமேல்தான் வாங்க வேண்டும்.

#2 மரவாசம்

வாழ்த்துகள், நல்ல கப்பல். ஆனால் பெட்டியை மூடி அலமாரி மேல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். அதே நிறுவனத்தில் லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி என்று 1:24 அளவில் ஒரு படகு கிட் இருக்கிறது; டோரி என்பது தட்டை அடியுள்ள சின்னத் துடுப்புப் படகு. முதலில் அதைக் கட்டுங்கள்.

சும்மா சின்னது என்பதற்காகச் சொல்லவில்லை. புளூநோஸ் காட் மீன் பிடித்த கப்பல். நடுக்கடலில் கப்பலிலிருந்தபடி யாரும் தூண்டில் போடவில்லை. கப்பலின் மேல்தட்டில் டோரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவார்கள், கிராண்ட் பேங்க்ஸ் மீன்திட்டு வந்ததும் இறக்கிவிடுவார்கள், டோரிக்கு இரண்டு பேராக நீளத் தூண்டில் கயிற்றோடு போய் மீனோடு திரும்புவார்கள். டோரியின் இரண்டு பக்கமும் மேலே போகப்போக வெளியே சாய்ந்திருப்பதால்தான் அவற்றை அப்படி அடுக்க முடிந்தது. மசாசூசெட்ஸில் ஆம்ஸ்பரியில் 1793-ல் தொடங்கிய லோவெல் படகுப் பட்டறை இந்த வகைப் படகுக்குப் பேர்போனது, இன்றும் நடக்கிறது. ஆகவே டோரி கட்டுவது வேறு வேலை இல்லை, உங்கள் கப்பலின் கதைக்குள்ளேயே நுழைகிற வேலை.

இரண்டாவது காரணம், அதில் பலகைகள் வடிவமாகவே வெட்டி வருகின்றன. பலகை வளையும்போது என்ன செய்கிறது, ஓரத்தைச் சாய்வாகச் சீவாவிட்டால் அடுத்த பலகை எப்படி உட்கார மறுக்கிறது என்பதெல்லாம் ஒரு சின்னப் படகிலேயே கைக்குப் பழகிவிடும்.

#3 வடமராட்சியான்

மரவாசம் அண்ணை சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் கப்பல் முடிவதும் முடியாததும் அந்தக் கப்பல் மேல் உள்ள ஆசையில்தான் இருக்கிறது. பரண் மேல் போன கப்பல் இறங்கி வருவதில்லை. தம்பி, கையில் இருப்பதையே தொடங்குங்கள், அவசரம் மட்டும் வேண்டாம்.

நான் இருப்பதும் கனடாவில்தான். லூனன்பர்க் துறைமுகத்துக்குப் போய், முதல் கப்பலைப் போலவே 1963-ல் கட்டிய புளூநோஸ் 2-ஐ நேரில் பார்த்திருக்கிறேன். முதல் புளூநோஸ் அங்கே அதே ஸ்மித் அண்ட் ருலண்ட் கப்பல் கட்டும் தளத்தில் 1921 மார்ச்சில் தண்ணீரில் இறங்கியது. வடிவமைத்தவர் வில்லியம் ரூவே, கப்பல் தலைவர் ஆங்கஸ் வால்டர்ஸ். அந்த வருடமே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்து எல்சி என்ற கப்பலை ஓட்டத்தில் வென்றது. எங்கள் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் அந்த ஸ்கூனர் (இந்த வகைப் பாய்க்கப்பலின் பெயர்) இருக்கிறது. 1946-ல் ஹெய்ட்டிக்கு அருகே பாறைத்திட்டில் மோதி அழிந்தது. கட்டுகிற கப்பலின் வாழ்க்கை தெரிந்திருந்தால் கை தளராது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. புளூநோஸ் கடைசியாக ஓடிப் பார்த்த போட்டி 1938 அக்டோபரில், குளொஸ்டரின் கெர்ட்ரூட் எல். தீபோ என்ற ஸ்கூனருக்கு எதிராக. அதே வருடம் ஆகஸ்டில்தான் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அதே குளொஸ்டரில் வந்து சேர்ந்தது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, பேரை மாற்றினார்; எங்கள் ஊர் மாலுமிகள் அதில் போனார்கள். நீளம் 89 அடி, அதாவது 1:64-ல் சுமார் 42 செ.மீ. அதற்குக் கிட் எதையும் நான் பார்த்ததில்லை. வரைபடம் போட்டு மரம் அறுத்துத்தான் கட்ட வேண்டும். புளூநோஸ் ஒன்றை முடித்த கை அதையும் கட்டும் என்று நம்புகிறேன்.

#4 மரவாசம்

வடமராட்சியான், அன்னபூரணி தகவலுக்கு நன்றி. நீங்கள் கட்ட ஆரம்பித்தால் தனி இழை போடுங்கள், தினமும் வந்து பார்ப்பேன்.

ஆனால் ஆசை ஒன்றே போதும் என்பதை ஏற்கவில்லை. பாதியில் நின்ற கப்பல்களின் படங்களைப் பாருங்கள், முக்கால்வாசி ஒரே இடத்தில் நின்றிருக்கும்: மேலிருந்து ஏழெட்டுப் பட்டை அழகாக ஒட்டியிருக்கும், அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கியிருக்கும், அதோடு சரி. ஆசை இல்லாததால் நின்றவை அல்ல அவை. ஒட்டுவதற்கு முன்பே கணக்குப் போடாததால் நின்றவை.

கணக்கு எளிது. விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் பல்க்ஹெட் சட்டங்களில் அகலமானதில், தட்டு விளிம்பிலிருந்து கீல் (அடிக்கட்டை) வரை ஒரு காகித நாடாவை வளைத்து ஒட்டி அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 112 மி.மீ. வருகிறது, பட்டை 4 மி.மீ. அகலம் என்றால் 28 பட்டை. அதே 28 பட்டையும் அணியத்தில் போய் முடிய வேண்டும். அங்கே நாடா 84 மி.மீ. காட்டினால் ஒவ்வொரு பட்டையும் அங்கே 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். குறுக்காமல் அப்படியே ஒட்டினால் பட்டைக்கு 1 மி.மீ. கடன் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் உடைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. ஒவ்வொரு சட்டத்திலும் நாடாவை 28 ஆகப் பிரித்துப் பென்சில் குறி போட்டுவிட்டால் எந்தப் பட்டை எங்கே எவ்வளவு அகலம் என்று மரமே சொல்லும்.

பட்டை பாதி அகலத்துக்கும் கீழே குறுகினால் நுனி நிற்காது. அந்த நிலை வந்தால் இரண்டு பட்டைக்குப் பதில் ஒன்றாக முடிக்க வேண்டும். பின்பக்கம் நேர்மாறு: கீல் அருகே இடம் விரியும், ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக வேண்டியிருக்கும். நிஜக் கப்பலிலும் ஓடாவிகள் (கப்பல் தச்சர்கள்) இதையேதான் செய்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பட்டை எல்லாச் சட்டங்களிலும் முழு அகலத்துக்குப் படிகிறதா பாருங்கள். அணியம் பக்கத்துச் சட்டங்களின் முன்விளிம்பையும் பின்பக்கத்துச் சட்டங்களின் பின்விளிம்பையும் சாய்வாகத் தேய்த்தால்தான் படியும். நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, மூன்று சட்டங்களை ஒரே இழுப்பில் தொடும்படி தேயுங்கள். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

#5 சின்ன உளி

மேலே சொன்ன நாடாக் கணக்கைச் சேமித்து வைத்துக்கொண்டேன். கிட்டோடு வரும் கையேடுகள் பலவற்றில் இந்த இடம் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது.

வளைப்பது பற்றி நான் சொல்கிறேன். பட்டையை மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பாஸ்வுட் ஊறினால் அகலத்தில் உப்பும், அந்த நிலையில் ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். லேசாக நனைத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருளையான ஒன்றின் மேல் வளைத்து, ஆறவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள். தட்டையாக வளைப்பது சுலபம். பட்டை அதன் ஓரத்தின் பக்கமாகவும் வளைய வேண்டும், அதுதான் அணியத்தில் உயிர். மேசையில் கிளாம்ப் போட்டு, தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓரவளைவு கொடுத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி ஆறவிட்டால் அந்த வளைவு நிற்கும். சக் பசாரோ என்ற அமெரிக்க மாடல் கட்டுநர் விளக்கிப் பரப்பிய முறை இது. வால்நட் பட்டையில் இதைச் செய்தால் நார் பிளக்கும், பாஸ்வுட் மன்னிக்கும்.

காரைக்கால் கடலோரம் என்பதால் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்திருக்கும். அப்போது இறுக்கமாக ஒட்டிய பட்டைகள் சித்திரையில் விரிசல் காட்டும். கட்டுகளைப் பிரித்து, வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் காற்றாட வையுங்கள். ஒட்டி முடித்துத் தேய்த்ததும் உள்ளும் புறமும் மரத்தை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கை அடித்துவிடுங்கள்.

#6 காரைக்கால்காரன்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டோரிகளின் கதை தெரியாமலே பெட்டியிலுள்ள படகுச் சாமான்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பசை எது? ஃபெவிகாலா, ஃபெவிக்விக்கா? யூடியூபில் பார்த்தால் எல்லோரும் சூப்பர் க்ளூவில் படபடவென்று ஒட்டிப் போகிறார்கள். கயிறு கட்டும் வேலைதான் பயமாக இருக்கிறது.

#7 பாய்விரி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குக் கயிறு வேலைதான் உயிர், பலகை வேலையை அதற்காகவே முடிக்கிறேன்.

பசைக்கு ஒரே வரி: உடம்பு முழுக்க ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை, பட்டையின் நுனியைப் பிடித்து நிறுத்த மட்டும் சூப்பர் க்ளூ ஒரு துளி. சூப்பர் க்ளூ பட்ட மரத்தில் சாயம் ஏறாது, திட்டாகத் தெரியும். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் பதம் பார்க்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்கூனர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். மூன்று பாய்மரமும் நிறையப் பருமல்களும் (பாய் தொங்கும் குறுக்குக் கட்டைகள்) உள்ள போர்க்கப்பலோடு ஒப்பிட்டால் இதில் கயிறு மிகக் குறைவு. இரண்டே பாய்மரம், முன்னும் பின்னுமாக ஓடும் பாய்கள், ஒவ்வொரு கயிறும் எதற்கு என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து புரிந்துகொள்ளலாம். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் நிலைக்கயிறுகள் கருப்பு, பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகள் வெளிர்நிறம். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தாளில் உள்ள கோடுகள் குழப்பாது.

நூலின் பருமன்தான் மாடலைக் காப்பதும் கெடுப்பதும். நிஜத்தில் 32 மி.மீ. கயிறு 1:64-ல் 0.5 மி.மீ. கிட் நூல் சரியாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். பருத்தி நூலில் பிசிறு நிற்கும், தூசி சேரும். தேன்மெழுகில் இழுத்தால் ஓரளவு அடங்கும்.

மாலுமிகள் ஏறும் ஏணிக் கயிறுகளில் பலர் அவசரப்படுகிறார்கள். படிகளுக்கிடையே நிஜத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல், 1:64-ல் 5 முதல் 6 மி.மீ. வரை. கோடு போட்ட காகிதத்தை நிலைக்கயிறுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நடுக்கயிறுகளில் குளோவ் ஹிட்ச் முடிச்சுப் போடுங்கள். ஓரக் கயிறுகளில் கடைசியாகக் கட்டுங்கள். முடிச்சை இழுத்தால் ஓரக் கயிறுகள் இடுப்பு ஒடுங்கினாற்போல் உள்ளே வரும். வந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் அவிழ்ப்பதைத் தவிர வழி இல்லை. ஒவ்வொரு ஐந்தாறு படிக்கும் தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள்.

அட்டையில் 27 மி.மீ. உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டித் தட்டில் நிறுத்தி வையுங்கள். 1:64-ல் ஐந்தரை அடிக்குச் சற்று மேல் உயரமுள்ள ஆள் அவ்வளவுதான். ஒவ்வொரு கைப்பிடியையும் கப்பியையும் அவன் கையில் வைத்துப் பார்த்தால் எது பெரிது, எது சிறிது என்று உடனே தெரியும்.

#8 வடமராட்சியான்

பாய்விரி அக்கா சொன்ன அட்டை மனிதன் அருமையான யோசனை.

மரவாசம் அண்ணை, நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். இது ஒரே அடுக்குப் பலகை, ஆனால் முழுக்கப் பெயின்ட் அடிக்கும் உடம்பு. தண்ணீர்க்கோட்டுக்கு மேல் கருப்பு, கீழே சிவப்பு. இடைவெளியில் வுட் ஃபில்லர் போட்டுத் தேய்த்து அடித்துவிட்டால் வெளியே தெரியாது. புதிதாய்த் தொடங்குகிறவருக்கு இதைவிட இரக்கமான கப்பல் ஏது? வாசா, விக்டரி என்று பெரிய போர்க்கப்பல்களில் தொடங்குகிறவர்களிடம் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விக்டரியில் 104 பீரங்கி. ஒரே வேலையை 104 தடவை செய்யும் பொறுமை முதல் கப்பலில் யாருக்கும் இராது.

#9 மரவாசம்

பெயின்ட் விஷயம் சரிதான், அதை நான் எடைபோடாமல் விட்டேன். ஆனால் ஃபில்லர் இடைவெளியை மூடும், வளைவு நெளிவை மூடாது. கருப்புப் பெயின்டில் ஒவ்வொரு மேடு பள்ளமும் விளக்கொளியில் பளிச்சென்று தெரியும். கருப்பை மன்னிக்கிற நிறமாக நினைக்கக் கூடாது. சாம்பல் பிரைமர் ஒன்றை முதலில் அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்து, மறுபடி தேய்த்து, இப்படிச் சில சுற்று போகவேண்டும்.

#10 அலைவாய்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இன்னொரு கிட் வாங்க நினைக்கிறவர்கள் விலை குறைவு என்று இணையத்தில் கண்டதை வாங்கிவிடாதீர்கள். காப்பியடித்த கிட்கள் நிறைய உலவுகின்றன. நான் பார்த்த ஒன்றில் வரைபடம் போட்டோகாப்பி, அளவே சுருங்கியிருந்தது. சட்டங்கள் அதன் மேல் பொருந்தவில்லை. ஒரு வடிவமைப்பாளர் வருடக்கணக்கில் ஆவணக்காப்பக வரைபடங்களைப் பார்த்து உருவாக்கியதைத் திருடி விற்கிறார்கள், அந்தக் காசு அவருக்குப் போவதில்லை. பெட்டியில் நிறுவனப் பெயரும் முகவரியும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், சில சமயம் கூரியர்காரர் வாசலில் நின்று சொல்லும் தொகை மலைக்க வைக்கும்.

சிறிய மீன்பிடிப் படகு விரும்புகிறவர்களுக்கு இங்கிலாந்தின் வான்கார்டு மாடல்ஸ் 1:64-ல் ஃபைஃபி, சூலு என்ற ஸ்காட்லாந்துப் படகுகளைத் தருகிறது. ஸ்பெயினின் ஓக்ரேயில் போலாரிஸ் இருக்கிறது, படிப்படியான காணொளிகளும் உண்டு.

#11 சின்ன உளி

டோரியா, புளூநோஸா என்று இருவரும் நிற்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே, செலவில்லாமல் ஒரு வழி சொல்கிறேன்.

தகட்டிலிருந்து எதையும் பிரிக்காமல், அணியத்திலிருந்து முதல் ஐந்தாறு சட்டங்களின் உருவத்தை டிரேசிங் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தாங்கி நீளவாட்டில் ஓடும் நடுச்சட்டத்தின் முன்பகுதியையும் எடுங்கள். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் பிளைவுட் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வளைவு வெட்டும் மெல்லிய ரம்பத்தால் வெட்டி, ஒரு பலகையில் நிறுத்தி, அணியத்தின் ஒரு பாதியை மட்டும் கட்டுங்கள். மரவாசம் சொன்ன நாடாக் கணக்கு, சாய்வு தேய்ப்பது, ஓரவளைவு எல்லாவற்றையும் அதில் செய்து பாருங்கள். கெட்டால் கெட்டது பிளைவுட், உங்கள் கிட் அல்ல. நன்றாக வந்தால் அதே வளைவுகள் நிஜத்திலும் வரும், ஏனென்றால் அது உங்கள் கப்பலின் அணியமேதான்.

அமெரிக்காவின் நாட்டிகல் ரிசர்ச் கில்டு அமைப்புகூடப் பலகை வேலை பழக அரை உடம்புக் கிட் ஒன்றை வைத்திருக்கிறது. நோக்கம் இதுதான்.

#12 மரவாசம்

இதற்கு முழு ஆதரவு. டோரி யோசனையைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் இன்றைக்கே தொடங்கக்கூடியது இதுதான். பட்டைகளைக் கிட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

#13 காரைக்கால்காரன்

முடிவு செய்துவிட்டேன், அரை அணியம் கட்டுகிறேன். சட்டங்களை டிரேஸ் எடுத்தாகிவிட்டது. இரண்டு சந்தேகம். பயிற்சிப் பட்டைக்கு எந்த மரம்? அப்புறம், சட்டங்களின் மேல்முனைகள் தீக்குச்சி அளவுக்கு மெலிந்து தட்டுக்கு மேல் நீண்டு நிற்கின்றன. தேய்க்கும்போதே முறியும் போலிருக்கிறதே?

#14 மரவாசம்

பட்டைக்குக் குமிழ் கேளுங்கள். லேசானது, நெருங்கிய நார், பாஸ்வுட் அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே வளையும். ஆசாரியிடம் 1.5 மி.மீ. கனத்தில் தகடாக அறுக்கச் சொல்லி, எஃகு ஸ்கேல் வைத்து 4 மி.மீ. பட்டைகளாக நீங்களே கீறிக்கொள்ளலாம். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப் பசையால் ஒட்டுவதில் தகராறு செய்யும்.

#15 வடமராட்சியான்

மேல்முனைகள் முறியத்தான் செய்யும், பலருக்கும் முறிந்திருக்கிறது. தேய்ப்பதற்கு முன் அவற்றின் உட்பக்கம் குறுக்கே ஒரு பட்டையை ஓட்டி, எல்லா முனைகளையும் தற்காலிகமாக அதோடு கட்டிவிடுங்கள். வெள்ளைப் பசை ஒரு துளி போதும், பிறகு ஈரத்துணி வைத்துக் கழற்றிவிடலாம். அப்படியும் முறிந்தால் கவலை வேண்டாம், தட்டு மட்டத்தில் மற்றவற்றையும் வெட்டிவிட்டு, பலகை வேலை முடிந்ததும் தனித்தனிக் குச்சிகளாக நிறுத்துங்கள். பலர் வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். குச்சிகள் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#16 சின்ன உளி

முதல் பட்டை ஒட்டியதும் மேலிருந்தும் முன்னாலிருந்தும் இரண்டு படம் போடுங்கள். ஒரு பட்டையோடு பார்த்துச் சொல்வது சுலபம், பத்துப் பட்டை ஏறிவிட்டால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.